இரைச்சலிசையை வாழ்க்கைத்தொழிலாகக் கொள்வது: தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைச்சலையே மூலப்பொருளாகக் கொண்டு இசையமைக்கும் சோதனை முயற்சிகளில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், கல்லூரி மாணவர்களும், சவுண்ட் சர்வீஸ் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களும், சில நேரங்களில் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரியில் பதில் முடிந்துவிடுகிறது. சிலவற்றை விரித்துச் சொன்னால்தான் பயன் உண்டு.

இரைச்சலிசை என்று எதைச் சொல்கிறீர்கள்?

சுருதி, தாளம், ராகம் ஆகியவற்றை முதன்மையாகக் கொள்ளாமல், இயந்திர ஓசை, ஒலிபெருக்கியின் ஊளை, மின்சுற்றின் உறுமல், அருவி, காற்று, உலோக உராய்வு போன்றவற்றின் அடர்த்தியையும் அசைவையும் கொண்டு கட்டப்படும் இசையைச் சொல்கிறேன். இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913இல் 'இரைச்சல்களின் கலை' என்னும் அறிக்கையை எழுதி, ஆலைகளும் நகரங்களும் பெருகிவிட்ட காலத்தில் பழைய வாத்தியங்களின் ஒலிகள் மட்டும் செவிக்குப் போதா என்று வாதிட்டார். கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் பெட்டி வடிவக் கருவிகளைச் செய்து 1914இல் மிலான் நகரில் கச்சேரியும் நடத்தினார். அரங்கில் ரகளை நடந்தது. அந்த மூலக் கருவிகள் எவையும் இன்று மிஞ்சவில்லை.

பதிவு செய்த ஒலியைக் கொண்டே இசையமைக்கும் முறைக்கு அடித்தளம் இட்டவர் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர். 1948இல் அவர் பத்திஞ்ஞோல் ரயில் நிலையத்தில் என்ஜின் ஓசைகளைப் பதிவுசெய்து, இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் ஊசியைச் சுற்றவிட்டு, அவற்றை ஒரு படைப்பாக ஆக்கினார். கைப்பேசியில் ஓர் ஒலித்துண்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் எவரும் அவர் தொடங்கி வைத்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

இதை இசை என்று ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு என்ன பதில்?

வாதாடி ஒப்புக்கொள்ள வைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் சங்கீதம் அறிந்தவர்களிடம் தம்புராவை நினைவூட்டலாம். அதன் குதிரையின் மேல், தந்திக்கு அடியில், ஒரு நூல்துண்டை வைத்து இம்மி இம்மியாக நகர்த்துவார்கள்; சரியான இடத்தில் நூல் அமர்ந்ததும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும். அந்த ரீங்காரம் இல்லாத தம்புராவை எவரும் மதிப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கு இடையே சன்னமான கல் துணுக்குகளை இட்டுக் கட்டுவதைக் கப்பி என்று மிருதங்கம் கட்டுபவர்கள் சொல்வார்கள்; அதுவும் சுத்தமான தொனியோடு ஓர் உராய்வைச் சேர்க்கும் ஏற்பாடுதான். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஒலிக்குச் சுரம் எழுத முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். நம் வாத்தியங்கள் இரைச்சலை வெளியே நிறுத்தவில்லை. அளவாக உள்ளே அழைத்தன. நாங்கள் அந்த அளவைக் கூட்டுகிறோம், அவ்வளவே.

இத்துறையில் ஒருவருடைய வாழ்க்கைத்தொழில் எப்படி வளர்கிறது?

சினிமா இசையமைப்பாளருடைய வளர்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்காது. ஒரு வாய்ப்பு, ஒரு வெற்றி, அதன் பின் புகழ் என்ற படிவரிசை இங்கே கிடையாது. உலகில் இத்துறையில் மிகுதியாக அறியப்பட்ட மஸாமி அகிதாவின் போக்கைப் பார்ப்பது பயன்படும். 1956இல் டோக்கியோவில் பிறந்த அவர் கல்லூரியில் ஓவியமும் கலைக் கோட்பாடும் படித்தவர். ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். 1979இல் மெர்ஸ்போ என்ற பெயரில் தனியாகத் தொடங்கினார். கழிபொருள்களைக் கொண்டு தம் வீட்டின் உட்புறத்தையே சிற்பமாக மாற்றிய ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸின் படைப்பிலிருந்து அப்பெயரை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு மேடையைவிட முதலில் கைகொடுத்தவை கேசட்டும் அஞ்சலும்தான். வீட்டில் பதிவுசெய்த ஒலிநாடாக்களைத் தாமே நடத்திய சிறு வெளியீட்டகத்தின் பெயரில் நகலெடுத்து, அட்டைக்குத் தாமே ஒட்டுப்படங்கள் செய்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வேலையில் இருந்தவர்களுக்கு அனுப்பி, அவர்களுடைய நாடாக்களைப் பதிலாகப் பெற்றார். பிழைப்புக்குப் பத்திரிகைகளில் எழுதினார், நூல்களும் எழுதினார். தகரத்தையும் கம்பியையும், பொருளின் அதிர்வை நேராகப் பிடிக்கும் ஒட்டுமைக்கில் இணைத்து வாசித்த காலம், மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு நிகழ்த்திய காலம், மீண்டும் கைச்செய் கருவிகளுக்குத் திரும்பிய காலம் என்று அவருடைய கருவிகள் மாறின. 2000இல் ஓர் ஆஸ்திரேலிய வெளியீட்டகம் அவருடைய படைப்புகளை 50 குறுந்தகடுகள் கொண்ட ஒரே பெட்டியாகக் கொண்டுவந்தது. தொடங்கி 21 ஆண்டுகள் கழிந்த பிறகு கிடைத்த அங்கீகாரம் அது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது மூன்று செய்திகள்: பிழைப்புக்கு வேறு வேலை இருந்தது, படைப்பு இடைவிடாமல் வெளிவந்தது, தம்மைப் போன்றவர்களோடு தொடர்பு அறுபடவில்லை. ஒலியின் உரத்தையும் மேடை வெறியையும் மட்டும் பார்த்து வருபவர்கள் ஓரிரு ஆண்டுகளில் விலகிவிடுவதையே பார்க்கிறேன்.

இந்தியாவில் இதற்கு முன்னோர்கள் உண்டா?

உண்டு, பலரும் நினைப்பதைவிட முன்பே உண்டு. 1946இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் சென்று, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்றுக்கொடுத்து, அவரிடமிருந்து மேலை இசையைக் கற்றார். 1969இல் கேஜின் நெருங்கிய கூட்டாளியான டேவிட் டியூடர் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து மின்சுற்றால் ஒலியை உண்டாக்கும் ஒரு மூக் சின்தசைசரை நிறுவினார். 1972 வரை அங்கே கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் மின்னணு இசையைப் படைத்தார்கள். பிறகு அந்த நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கேட்பாரின்றிக் கிடந்தன. இங்கிலாந்துக் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுக்க, 2023இல் அவை வெளியாயின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓர் இசை வரலாறு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. பதிவுகளைப் பேணுவது பற்றிக் கீழே நான் கண்டிப்பாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமக்கு அருகில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய பெங்களூரின் கட்டுமான ஓசைகளைப் பதிவுசெய்து புத்தாதித்ய சட்டோபாத்யாய் உருவாக்கிய படைப்பு 2013இல் ஜெர்மன் வெளியீட்டகம் ஒன்றின் வழியே வெளிவந்தது. கலைக்கூடம் என்ற திசையில் போனால், சிறைப்பட்ட 100 கவிஞர்களின் சொற்களை ஒலிபெருக்கியாக மாற்றப்பட்ட 100 ஒலிவாங்கிகளின் வழியே ஒலிக்கச் செய்த ஷில்பா குப்தாவின் படைப்பு இருக்கிறது. அவர் இரைச்சலிசைக் கலைஞர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஒலிக்கலைக்குப் பணம் தரும் கதவுகளில் பல அந்தப் பக்கம்தான் திறக்கின்றன.

சங்கீதம் முறையாகப் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. படித்திருந்தால் நட்டமும் இல்லை. கிருஷ்ணகிரியில் இருக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் குரலிசையோ மிருதங்கமோ தவிலோ மூன்றாண்டு படித்தவருக்குக் காது பண்பட்டிருக்கும். நுண்ணிய சுருதி வேறுபாட்டை அவர் உடனே பிடித்துவிடுவார். அவருக்கு இருக்கும் ஒரே சங்கடம், அடுத்து என்ன வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கப் பழகுவது.

சவுண்ட் சர்வீஸில் வேலை பார்த்தவர்களுக்கு வேறொரு பலம் உண்டு. திருவிழாவில் மைக் ஊளையிட்டால் எந்தக் குமிழியைத் திருப்ப வேண்டும் என்பது அவர்களுடைய விரலுக்குத் தெரியும். ஊளையை நிறுத்தத் தெரிந்தவருக்கு அதை வேண்டிய இடத்தில் பிடித்து நிறுத்தி வைக்கவும் எளிதில் வந்துவிடும். இவ்வட்டாரத்தில் இத்துறைக்கு வரத் தகுந்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால் முதலில் அவர்களைத்தான் சொல்வேன்.

பெங்களூருக்கோ சென்னைக்கோ குடிபெயராமல் இங்கிருந்தே செய்ய முடியுமா?

நிகழ்ச்சிகளுக்குப் போய்வர வேண்டியிருக்கும். படைப்பதற்குப் போக வேண்டியதில்லை. மூலப்பொருளைப் பொறுத்தவரை இவ்விரண்டு மாவட்டங்களைப் போல வளமான இடம் அமைவது அரிது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள கிரானைட் பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கல் அறுக்கும் வட்டத் தகட்டின் விளிம்பில் வைரத்தூள் பதித்த பற்கள் இருக்கின்றன. உதாரணத்துக்கு 70 பற்கள் கொண்ட தகடு நிமிடத்துக்கு 600 முறை சுழன்றால், நொடிக்கு 700 முறை பல் கல்லைத் தொடும். 700 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் எழும். தகடு கல்லுக்குள் அழுந்தும்போது மோட்டார் சற்றுத் திணறி, அந்தச் சுரம் கீழிறங்கி, கல்லைக் கடந்ததும் மேலேறும். அதன் மேல் குளிர்விக்கும் நீரின் சீறல். அருகருகே இரண்டு தகடுகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடினால், இரு சுரங்களுக்கும் இடையே மெதுவான அலைபோல ஒலி ஏறி இறங்கும். இதையெல்லாம் கணினியில் செயற்கையாக உண்டாக்க முயன்று நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

மறுகோடியில் தர்மபுரிப் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்பு மனைகள். புழு ஐந்தாம் பருவத்துக்கு வந்து மல்பெரி இலையை வெறியோடு தின்னும் நாட்களில், தட்டுகளின் அருகே நின்றால் ஓட்டுக்கூரையில் தூறல் விழுவது போன்ற ஓசை கேட்கும். அந்தப் பருவம் ஒரு வாரம் அளவே நீடிக்கும். மொத்த இலையில் பெரும்பகுதியை அந்த வாரத்தில்தான் தின்று தீர்க்கும். நோய் பரவும் என்பதால் வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். முன்கூட்டியே போய், "அண்ணா, இலை போட்டதும் அஞ்சு நிமிஷம் நிக்கட்டுமா?" என்று கேட்டு, காலையும் கையையும் கழுவி, அவர் சொல்லும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். ஒலி மிகச் சன்னமானது. பதிவுக்கருவியின் சொந்த இரைச்சலே அதைவிட உரத்துவிடும். ஆகவே இலையை அடுக்கிய உடனே, ஒலிவாங்கியை இலைக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஒகேனக்கல்லை எல்லாரும் சொல்வார்கள். அங்கே கவனிக்க வேண்டியது நீர்வரத்து. காவிரியின் நீரளவு பார்க்கப்படும் பிலிகுண்டுலுவில் வரத்து குறைந்திருக்கும் கோடையில் ஒவ்வோர் அருவியும் தனித்தனியாகக் கேட்கும். வரத்து ஏறிப் பரிசல் ஓட்டத் தடை விதிக்கும் நாட்களில் எல்லாம் ஒன்றாகக் கரைந்து, தாழ்ந்த அதிர்வு நெஞ்சில் உணரும்படி எழும். இரண்டையும் பதிவுசெய்து வைத்திருப்பவரிடம் இரண்டு வேறு வாத்தியங்கள் இருக்கின்றன. மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள், ஓசூரின் இயந்திரப் பட்டறைகள், தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் பிரேக், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் யானையை விரட்ட இரவில் தகரம் தட்டும் ஓசை என்று இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். யானை விரட்டுவதைப் பதிவு செய்கிறேன் என்று காட்டோரம் போய் நிற்காதீர்கள். அது விவசாயிகளின் உயிர்ப் பிரச்சினை. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

தொடங்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

விலை குறைந்தவற்றிலிருந்து சொல்கிறேன். பொம்மைகளிலும் அலாரங்களிலும் இருக்கும் பித்தளை வட்டான பீசோ தகடு சில ரூபாய்க்குக் கிடைக்கும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கட்டாகவே வாங்கலாம். 27 மில்லிமீட்டர் தகடு போதும். பித்தளைப் பகுதியில் ஒரு கம்பியையும் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியில் மற்றொன்றையும் சால்டரிங் செய்ய வேண்டும். வெள்ளைப் பகுதியில் சூடான முனையை ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும். கவசம் உள்ள ஒயரைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படிச் செய்த ஒட்டுமைக்கைக் கம்பிவேலியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ ஒட்டிக் கேட்டால், காற்றில் கேட்காத அதிர்வுகள் கேட்கும். சாதாரண மைக் உள்ளீட்டில் செருகினால் ஒலி தகரம் போல மெலிந்திருக்கும். கிட்டாருக்கென்று இருக்கும் உயர்மின்மறுப்பு உள்ளீட்டில் செருகுங்கள், அடித்தொனி வந்துவிடும்.

இரண்டாவது, ஒரு பழைய மிக்ஸர். அதன் துணை வெளியீடான ஆக்ஸை எடுத்து அதே மிக்ஸரின் ஏதாவதோர் உள்ளீட்டில் செருகிவிட்டால், வெளியிலிருந்து எந்த ஒலியும் தராமலேயே அது தனக்குள் சுழன்று பாடத் தொடங்கும். முன்பு கிட்டார் வாசித்துவந்த ஜப்பானியக் கலைஞர் தோஷிமாரு நகமுரா 1990களின் பிற்பகுதியிலிருந்து இந்த முறையையே தம் வாத்தியமாகக் கொண்டிருக்கிறார். ட்ரெபிள், பாஸ் குமிழிகள் இங்கே சுரத்தைத் தீர்மானிக்கும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்து, ஸ்பீக்கரின் அளவைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஹெட்ஃபோனோடு ஒருபோதும் தொடங்காதீர்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, ஒலியைக் கட்டளைகளால் உருவாக்கப் பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் ஆகிய மூன்றும் இலவசம்.

முதல் படைப்பை எப்படிச் செய்வது?

எவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒன்றுண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் ஓர் அறையில் அமர்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவுசெய்தார். அப்பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவுசெய்தார். அதை மீண்டும், மீண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அறைக்கு இயல்பாக ஒத்திசையும் அதிர்வுகள் வலுத்து, மற்றவை தேய்ந்து, இறுதியில் பேச்சு கரைந்து அறையின் தொனி மட்டும் எஞ்சியது.

இதை நீங்கள் ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் செய்து பாருங்கள். மூலப்பதிவாகப் பேச்சுக்குப் பதில் உங்கள் ஊரின் ஓர் ஓசையை எடுத்துக்கொள்ளலாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 5 மீட்டர் இருந்தால், ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அந்த இடைவெளியின் இருமடங்கான 10ஆல் வகுத்தால் வரும் 34.3 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அங்கே வலுக்கும். சிறிய ஸ்பீக்கரில் 34 கேட்காது. 69, 103, 137 என்று மேலே போவன கேட்கும். பதிவுக்கருவியின் அமைப்பை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்து, உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்யுங்கள். பல சுற்றுகளில் எவற்றை வைப்பது, எங்கே நிறுத்துவது என்று நீங்கள் எடுக்கும் முடிவுகளில்தான் இசையமைப்பு இருக்கிறது. தொடக்கக்காரர்கள் எல்லாச் சுற்றுகளையும் வைத்துவிடுகிறார்கள். சலிப்புத் தட்டும் இடத்துக்கு முன்னால் வெட்டாதீர்கள், சலிப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் விடுங்கள் என்பது என் கருத்து. இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

வருமானம் எப்படி?

இசைப்பதிவுகளை விற்று மட்டும் குடும்பம் நடத்தலாம் என்று நான் எவருக்கும் சொல்வதில்லை. இணையத்தில் பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்குப் பணம் தருவதில்லை. தூங்குவதற்காக மின்விசிறி ஓசையையும் மழை ஓசையையும் அரை நிமிடத் துண்டுகளாகப் போட்டுச் சம்பாதித்தவர்களை மட்டுப்படுத்த, அத்தகைய ஓசைகள் 2 நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற விதியையும் கொண்டுவந்தது. தூக்க ஓசைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்றாலும், வகை பிரிக்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். பதிவேற்றும்போது வகையைக் கவனமாகக் குறிப்பிடுங்கள்.

கலைஞர்கள் தாமே பதிவுகளை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் இத்துறைக்கு உகந்தது. எண்ணிம விற்பனையில் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மீதி, பணப்பரிமாற்றக் கட்டணம் போக, கலைஞருக்கு வருகிறது. வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவையான பேபால் 2021 ஏப்ரலோடு இந்தியாவுக்குள்ளான சேவையை நிறுத்திவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அதன் வழியே பெறலாம். குறைந்த எண்ணிக்கையில் கேசட் வெளியிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கேசட் வாங்குபவர் பல நேரங்களில் அதைப் போட்டுக் கேட்பதற்கு வாங்குவதில்லை, உங்களை ஆதரிப்பதற்காக வாங்குகிறார்.

நல்கைகள் அடுத்த வழி. பெங்களூரில் 1993இல் நிறுவப்பட்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலை ஆய்வுக்கும் படைப்புக்கும் நல்கை தருகிறது, தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் பெரிய தத்துவம் எழுத வேண்டாம். எந்த இடம், எந்த ஒலி, யாரோடு, எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று எழுதினால் படிப்பவருக்கு விளங்கும்.

மீதிக் காலத்துக்கு ஒலியோடு தொடர்புள்ள வேலையே நல்லது. சவுண்ட் சர்வீஸ், ஆம்பிளிஃபயர் பழுதுபார்ப்பு, குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு, படங்களுக்கு ஒலி வடிவமைப்பு ஆகியவற்றில் ஈடுபட்டிருப்பவர்களுக்குக் கருவியும் கைக்கெட்டும், காதும் பழக்கத்தில் இருக்கும். ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு வார விடுமுறையில் படைப்பதிலும் குறைவொன்றுமில்லை.

நிகழ்ச்சி நடத்தச் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

ஒலி மாசு விதிகள், 2000இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, மூடிய அரங்குக்குள் தவிர, பயன்படுத்தக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. தனியார் இடத்தில் நடத்தினால் எல்லையில் அளவு இந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. அனுமதிக் கடிதத்தில் 'இரைச்சலிசை' என்று எழுதினால் காவல் நிலையத்தில் வீண் விளக்கம் சொல்ல வேண்டிவரும். 'மின்னணு இசை நிகழ்ச்சி' என்று எழுதுவது உண்மைக்கும் புறம்பன்று.

நம் ஊர்களில் முதல் நிகழ்ச்சிக்கு இருபது பேர் அமரும் அறை போதுமானது. பாதியில் எழுந்து போகலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் பெரும்பாலோர் உட்கார்ந்தே இருப்பார்கள்.

காது கெட்டுப்போகாதா?

கெடும், கவனமில்லாவிட்டால். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழில்நலத் துறையினர் பின்பற்றும் ஒரு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடம். நிகழ்ச்சிக்கு வருவோருக்குப் நுரைப்பஞ்சுக் காதுச்செருகிகளை வாசலிலேயே கொடுங்கள். ஒத்திகையைக் குறைந்த அளவில் செய்யுங்கள். நிகழ்ச்சி முடிந்த மறுநாளும் காதில் 'ஞொய்' என்ற ஒலி நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள். தானாகப் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். கிரானைட் பட்டறையில் பதிவு செய்யப் போகும்போது காதுக்கவசத்தோடு முகக்கவசமும் அணியுங்கள். கல்தூசி நுரையீரலுக்குக் கேடு.

கூத்துக் கலைஞர்கள், பம்பைக்காரர்களின் வாசிப்பைப் பதிவுசெய்து பயன்படுத்தலாமா?

கேட்காமல் கூடாது. பதிவுக்கருவியை அழுத்தியவர் நீங்கள் என்பதால் வாசிப்பு உங்களுடையதாகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநருக்குத் தனி உரிமை இருக்கிறது. அது 50 ஆண்டு நீடிக்கும். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் விடிய விடிய ஆடும் குழுவினரின் முகவீணை ஒலியை வெட்டி, நீட்டி, அடையாளம் தெரியாதபடி மாற்றினாலும், அது யாருடைய மூச்சிலிருந்து வந்தது என்பதை வெளியீட்டில் எழுதுங்கள். குழுவின் தலைவரான வாத்தியாரிடம் முதலில் பேசுங்கள். அவர் வழியாகத்தான் குழுவிடம் போக வேண்டும். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதற்கு ஒரு மாதிரியைப் போட்டுக் காட்டுங்கள். பதிவு செய்யும் இரவிலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள்; விற்பனையில் பங்கு தருகிறேன் என்ற வாக்குறுதி, நூறு பேர் வாங்கும் துறையில், பெரும்பாலும் வெறும் பேச்சாகவே முடிகிறது. சில கலைஞர்கள் தங்கள் வாசிப்பு இப்படிச் சிதைவதை விரும்பமாட்டார்கள். அங்கேயே விட்டுவிடுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

வேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பதிவுகளை எப்படிப் பேணுவது?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாக வேண்டிய கேள்வி இதுதான். எம்பி3யாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூலப்பதிவை வேவ் கோப்பாகவே வையுங்கள். ஸ்டீரியோவில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். இன்றைய வன்தட்டு விலைக்கு அது பெரிய சுமையன்று. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், ஊர், ஒலி ஆகியவை அந்த வரிசையில் இருக்கட்டும். அப்போது கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். எந்த ஒலிவாங்கி, எந்த உயரத்தில், யார் அனுமதித்தார் என்பதைப் பதிவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிவிடுங்கள். நோட்டுப் புத்தகம் தொலைந்தாலும் அது கூடவே இருக்கும். இரண்டு வன்தட்டுகளில் நகல் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில், வேறு ஊரானால் இன்னும் நல்லது, வையுங்கள். ஆண்டுக்கொரு முறை இரண்டையும் கணினியில் போட்டுத் திறந்து பார்த்துவிடுங்கள்.